லாபம் என்றால் ஒன்று

ஆம்பூர் தோல் ஷாப்பில் தோலைப் பதனிடும் ஆவாரம்பட்டைக் கிடங்கு எரிந்தது மேஸ்திரி கோவிந்தசாமியின் சுருட்டால்தான். அன்று வேலையிலிருந்த ஏழு பேருக்கும் அது தெரியும். வாயைத் திறக்கத்தான் ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. மெட்ராஸிலிருந்து முதலாளி வந்து கேட்பதற்குள் பழியைப் போட மேஸ்திரிக்கு ஒரு முதுகு வேண்டியிருந்தது.

கோள்மூட்டி முனிரத்தினம் சும்மா இருப்பானா? இவன்தான் என்று ஜடையனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தான். ஜடையன் இருமினால் ரத்தம் துப்புகிறவன். போன மாதம் மேஸ்திரியிடம் வாங்கிய உதையில் விலா எலும்பு இன்னும் கூடவில்லை. இன்னொரு அடியை அந்த உடம்பு தாங்காது. மேஸ்திரி அதையெல்லாம் பார்க்கிற ஆளா? பச்சைத்தோல் வாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தான்.

ஜடையனின் அக்காவைக் கட்டியவன் ஏகாம்பரம். அதே ஷாப்பில் வேலை, வித்தைக்காரன் என்று பேர். மத்தியானச் சோற்று வேளையில் புளியங்கொட்டைகளை வட்டமாக அடுக்கி, எண்ணி எண்ணி ஒவ்வொரு மூன்றாவது கொட்டையாக எடுத்துப் போடுவான். கடைசியில் மிஞ்சப்போவது எது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். மந்திரம் என்று மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். மந்திரமாவது மண்ணாவது, வெறும் கணக்கு. ஏழு கொட்டை இருந்தால் மிஞ்சுவது நாலாவதுதான்.

அன்று ஏழு பேர். ஏகாம்பரம் கையைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றான்.

"சாமி காட்டட்டும் மேஸ்திரி. ஏழு பேரும் வட்டமா நிக்கிறோம். எண்ணிக்கினே வந்தா மூணாவது ஆளு வெளிய போய்டணும். கடைசியா நிக்கிறவன் உங்க கைல."

சூதாட்டம் என்றால் மேஸ்திரிக்கு உயிர். சிரித்துக்கொண்டே சரி என்றான். ஆட்களை நிறுத்தும் வேலையை ஏகாம்பரமே இழுத்துப் போட்டுக்கொண்டான். தான் முதலில் நின்று, முனிரத்தினத்தை நாலாவது இடத்தில் நிறுத்தினான். அடுத்தவனைக் காட்டிக்கொடுத்தே வயிறு வளர்த்தவன் ஒருநாள் வாங்கட்டும் என்று நினைத்தான். முனிரத்தினமோ ஜடையனின் கையை விடவே இல்லை. அதனால் ஜடையன் ஐந்தாவதாக நின்றான். நாலைத் தவிர எந்த இடமும் தப்பிவிடும் என்று ஏகாம்பரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எண்ணுவதற்குக் காவலாளி குர்ஷித்தைக் கூப்பிட்டார்கள். ஐதராபாத்திலிருந்து புதிதாக வந்தவர், யாருக்கும் வேண்டியவர் இல்லை, ஓரவஞ்சனை செய்யமாட்டார். எங்கள் பக்கத்தில் சரக்கை எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். குர்ஷித்தும் ஷாப்பில் அதைத் தினமும் கேட்டிருந்தார். எண்ணத் தொடங்குமுன் சொல்லும் நல்ல வார்த்தை என்று அவர் நினைத்துவிட்டார், பாவம்.

ஏகாம்பரத்தின் நெஞ்சில் தடியை வைத்து "லாபம்" என்றார். அடுத்தவனைத் தொட்டு "ஒண்ணு" என்றார். அப்புறம் ரெண்டு. மூணு என்றதும் நாலாவதாக நின்ற முனிரத்தினம் வெளியே போனான்.

ஏகாம்பரம் குர்ஷித்தின் தடியைப் பிடித்துக்கொண்டான். ஓர் இடம் தள்ளித் தொடங்கினால் மிஞ்சுவது ஐந்தாவது ஆள், ஜடையன்.

"தப்பு பாய். லாபம்னா ஒண்ணு. என்கிட்டேர்ந்து திரும்ப எண்ணுங்க."

எங்கே தொடங்கினால் இவனுக்கென்ன என்று மேஸ்திரி புருவத்தைச் சுருக்கினான். முனிரத்தினத்துக்குப் பொறி தட்டிவிட்டது. இது கொட்டை ஆட்டம், என்னை மாட்டிவைக்கத்தான் நாலாவதாக நிறுத்தினான் என்று கத்திக்கொண்டே ஏகாம்பரத்தின் வாயில் குத்தினான். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. மேஸ்திரி தடுக்கவில்லை, எண்ணிக்கையை நிறுத்தவும் விடவில்லை. ஒவ்வொருவராக வெளியே போனார்கள், ஏகாம்பரமும் போனான். வட்டத்தில் ஜடையன் மட்டும் நின்றான்.

அவனைத் தூணில் கட்டினார்கள். மேஸ்திரி ஈர வாரை ஏகாம்பரத்தின் கையில் திணித்தான். சாமி காட்டியதை நீயே முடி, மாட்டேன் என்றால் முனிரத்தினம் அடிப்பான் என்றான். ஏகாம்பரம் வாரைக் கீழே எறிந்தான். மேஸ்திரி அதை எடுத்து அவன் முகத்தில் விளாசினான். ஒரு கண் மூடிக்கொண்டது.

"நீயே அடி மாமா," என்றான் ஜடையன். "அவன் கையால வாணாம்."

முதல் அடி தோளை உரசியதோடு சரி. இவன் பூப்போடுகிறான், நான் முதலிலிருந்து அடிக்கிறேன் என்று முனிரத்தினம் வாருக்குக் கை நீட்டினான். அதற்குப் பிறகு ஏகாம்பரம் ஓங்கி அடித்தான். தோல் பிய்ந்தது, வார் சிவந்தது. போதும் என்று மேஸ்திரி சொன்னபோது ஜடையனின் தலை தொங்கிவிட்டிருந்தது. கட்டை அவிழ்த்துப் பார்த்தார்கள், மூச்சில்லை. குர்ஷித் தடியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

ஏகாம்பரம் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். வாசலிலேயே அவன் பெண்டாட்டி விழுந்து தம்பியைக் கட்டிக்கொண்டாள். அந்த முதுகைத் தடவிப் பார்த்து, எந்தப் பாவி அடித்தான் என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் ஏகாம்பரம்.