கேமரா முன் தவம்

சினிமாப் படங்களுக்கு அடியில் ஓடும் வசன வரிகளை எழுதுவது அவன் தொழில். வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. மனைவி ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் அதட்ட ஆளில்லை. கை தானாகக் கைப்பேசிக்குப் போகும், உடம்பு தானாகக் கட்டிலுக்குப் போகும். அதற்காகத்தான் இணையத்தில் ஒரு வீடியோ அறையில் சேர்ந்தான். மூலைக்கு ஒருவராகத் தனியே வேலை செய்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கேமராவைப் போட்டு, மைக்கை அணைத்துவிட்டு, ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் பயந்து வேலை பார்க்கிற இடம் அது.

அவனுக்கு ஜோடியாக வாய்த்தவர், பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிற ஓர் அக்கா. தவளைக் குடலும் பூவின் சூலகமுமாக அவருக்குப் பொழுது போகும். முதல் வாரம் இவன் நிஜமாகவே அசையாமல் உட்கார்ந்திருந்தான். நீங்கள் தவசிதான் தம்பி என்று அக்கா சிரித்தார். அதுவே பெயராகிவிட்டது. பட்டம் கொடுத்தால் போதுமே, நம் ஆளுக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் மதியம் கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. எழுந்து போனால் தவசிப் பட்டம் என்னாவது? குனிந்து தட்டச்சு செய்வதுபோல் தன்னைத்தானே வீடியோ பிடித்து, கேமராவுக்குப் பதில் அதை ஓடவிட்டான். திரையில் தவம் நடந்தது, பக்கத்து அறையில் குறட்டை நடந்தது. அறை கலைகிற நேரத்துக்கு அலாரம் வைத்து ஓடிவந்து, தொடக்கத்தில் செய்வதாகச் சொன்ன வேலையை முடித்துவிட்டதாக அக்காவிடம் கூசாமல் சொன்னான். இன்றைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, தினப்படி வழக்கமாகிப் போனது.

அப்படி ஒருநாள் எழுந்து வந்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. மேஜை விளக்கு எரிந்தது. அப்பாடா, இன்றைக்குப் பொய் சொல்ல வேண்டாம் என்று வீடியோ அறையை மூடிவிட்டு முகம் கழுவப் போனான்.

அதன்பிறகு சில நாள் அக்காவைக் காணோம். வந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தார், காலில் மாவுக்கட்டு. உட்கார்ந்தே கால் மரத்துப்போனது தெரியாமல் எழுந்து, அப்படியே விழுந்திருக்கிறார். கைப்பேசி அடுத்த அறையில். மகள் வேலை முடிந்து வருகிறவரை தரையில்தான் கிடந்தாராம். அங்கிருந்து பார்த்தால் திரையில் இவன் தலை தெரிந்ததாம்.

"மைக் ஆஃப்ல இருக்கறதை மறந்துட்டுக் கத்தினேன். கேமராவுல தெரியட்டும்னு கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். நீங்க நிமிரவே இல்ல. உங்க மேல தப்பில்ல தம்பி, வேலைன்னு உட்கார்ந்தா உங்களுக்கு உலகமே தெரியாதே."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் செய்த காரியத்துக்குத் திட்டு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அந்தப் பாராட்டு அவனைக் கூனிக் குறுக வைத்தது.

"அக்கா, அது நான் இல்ல. வீடியோ ஓடிட்டு இருந்துச்சு. நான் உள்ள தூங்கிட்டேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. அந்த வெட்கக்கேட்டை இன்னொரு தடவை, விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. காலி நாற்காலியைப் பார்த்தும் அறையை மூடியது வரை சொன்னான்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டார்.

ரெண்டு வாரத்துக்கு மேலே இருக்கும் என்றான். அக்கா தன் மாவுக்கட்டைத் தடவினார்.

"நடுநடுவுல எழுந்து நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. நீங்களே எழுந்திரிக்கலையேன்னு நானும் எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்தேன்."

அவன் கை கேமராவை அணைக்கப் போனது. பாதியில் கையை இழுத்துக்கொண்டான். அக்கா பார்க்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தான்.