ஆயுளுக்கும் உழைக்கும் உருளை

1

இந்தக் கதை எனக்கு மீன்பிடி உரிமம் வாங்கப் போன வேட்டைச் சாமான் கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற கிழவர் வரிசையை நகரவிடவில்லை. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைக் கழுவும் இயந்திரம் ஒன்றை, கத்தரிக்காய் பொறுக்குவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிச்சலில் பிறந்த கதை இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

(இங்கே அதை டம்ளர் என்பார்கள். நான் அப்படி எழுதினால் உங்களுக்குக் காபி ஞாபகம் வரும். ஆகவே உருளை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மொன்டானாவில் இலையுதிர் காலம். மலைச்சரிவெங்கும் பொன்னிறத்தில்..." அடித்துவிட்டேன். அந்தக் கிழவர், டெல் ஹாகன், அன்று மலையையே பார்க்கவில்லை. இப்படித் தொடங்கலாம்:

"இந்த மூடி ரப்பர் தாங்குமா?" என்றார் டெல்.

"ஆயுள் உத்தரவாதம் போட்டிருக்கு" என்றாள் கடைக்காரி ஃபே.

"யாரோட ஆயுள்?"

"உங்க வயசைப் பார்த்தா கம்பெனிக்கு நஷ்டம் வராது, டெல்."

2

துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்கக் கிழவர் என்றதும் நீங்கள் ஒரு முகத்தை வரைந்திருப்பீர்கள். நானும் வரைந்தேன். பிறகு சந்தேகம் வந்தது. டெல் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். கொட்டகையில் உட்கார்ந்து காலிக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்து நிரப்பி, மறுபடி தோட்டாவாக்குவது அவர் பொழுது.

கழுவுவதில் இங்கே இரண்டு கட்சி. உடைத்த அக்ரூட் ஓட்டுத்தூளில் போட்டுக் குலுக்குவோர் ஒரு கட்சி. தண்ணீர், சோப்பு, பொடி எஃகு ஊசிகளோடு உருட்டுவோர் இன்னொரு கட்சி. கட்சி மாறியவர் வீட்டு விருந்துக்குப் போகாதவர்களும் உண்டு. டெல் உருட்டுக் கட்சி. பிளாஸ்டிக் பீப்பாய் வெடித்தது, மோட்டார் புகைந்தது, வார் அறுந்தது என்று பல உருளைகளைப் பார்த்துவிட்டவர். கூடு பளபளத்தால் மான் மெச்சிக்கொள்ளப் போகிறதா என்று யாரும் இந்த ஊரில் கேட்பதில்லை. நானும் இருபது வருஷமாகக் கேட்கவில்லை, எனக்கும் நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டும்.

3

இனிமேல்தான் விஷயம். ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடமாட்டார். மருந்து கூடினால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கும். இந்த விஷயத்தில் அண்ணன் தம்பி கிடையாது. டெல்லின் தங்கை கணவர் ஓரின் மட்டும் முப்பது வருஷமாக டெல் நிரப்பியதையே சுட்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அந்தத் தோட்டாதான் எல்லாம்.

போன வருஷம் ஓரினுக்குக் குலுக்கலில் பெரிய எல்க் மானைச் சுட அனுமதி விழுந்தது. ஆயுளில் ஒரு தடவை விழுந்தால் அதிர்ஷ்டம். மான் கண்ணெதிரே நின்றது. ஓரின் துப்பாக்கி விசையை இழுத்தார். டிக். தோட்டா வெடிக்கவில்லை. மான் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனது, ஓடும் மரியாதைகூடச் செய்யவில்லை.

"உருளை பழசு மச்சான். உள்ள அழுக்கு தங்கிடுச்சு" என்றார் டெல்.

உண்மையில் அந்தத் தோட்டாவை நிரப்பிய ஞாயிற்றுக்கிழமை டெல்... (இந்த வாக்கியத்தை இப்போது முடிக்க எனக்கு மனமில்லை.)

போன வாரம் ஓரின் இதே கடையில் கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி வாங்கிப்போனார். ஃபே அதை டெல்லிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்று முதல் டெல்லுக்கு உருளைப் பைத்தியம். நல்ல உருளை வந்துவிட்டால் மச்சானும் வந்துவிடுவார் என்று நம்பினார். மனிதர்கள் பூஜை போடுவதும் இப்படித்தான், நான் சிரிக்கத் தகுதியற்றவன்.

4

முடிவு, முதல் வகை: டெல் இரும்புப் பீப்பாய் உருளையை வாங்குகிறார், கூடுகள் தங்கமாய் மின்னுகின்றன, ஓரின் மனம் இளகி... இது விளம்பரம். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் வகை: உருளை வந்துவிட்டது. கொட்டகையில் கடகடவென்று ஓடுகிறது. வேட்டைக்காலம் தொடங்க இன்னும் சில வாரம். ஓரின் வந்து வாசலில் நிற்கிறார்.

"புதுசா?"

"இரும்பு. உள்ள ரப்பர். நமக்கப்புறமும் ஓடும்."

டெல் உருளையை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் பேசாமலிருக்க வழியில்லை.

"பழைய உருளை மேல தப்பில்ல மச்சான். அன்னிக்கு ரேடியோவுல மேட்ச் ஆரம்பிக்கப் போகுதுன்னு கூட்டைக் காயவைக்காம, ஒரு உதறு உதறிட்டு நிரப்பிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அந்தத் தோட்டாவை வீட்டுல பிரிச்சுப் பார்த்தேன். மருந்து ஈரத்துல கட்டி பிடிச்சிருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"மான் போனா போகுது. நீயா சொல்லுவேன்னு ஒரு வருஷமா பார்த்துட்டிருந்தேன். நீ என்னடான்னா, மெஷின் விலை விசாரிச்சுக்கிட்டு அலையிற."

டெல்லால் நிமிர முடியவில்லை. ஓரின் வண்டிக்குப் போனார். கிளம்பிவிட்டார் என்றே டெல் நினைத்தார், நானும் அப்படித்தான் எழுதவிருந்தேன். அவர் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்து மேசையில் கொட்டினார். கம்பெனித் தோட்டாக்களை எல்லாம் மண்மேட்டில் சுட்டுத் தீர்த்துவிட்டு, காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்திருந்தார்.

"கழுவு" என்றார்.

5

இந்த வருஷம் ஓரின் அவற்றைச் சுடுவாரா என்று கேட்கிறீர்கள். அவர் அதைச் சொல்லவில்லை, டெல்லும் கேட்கவில்லை. கூடுகளைக் கழுவித் துண்டில் பரப்பியிருக்கிறார்கள். டெல் வானொலியைக்கூடப் போடவில்லை. ஓரின் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, கூடுகள் இன்னும் காயவில்லை. அவசரமிருந்தால் நீங்களே தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.