நாற்பத்திரண்டாவது இழுப்பு

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, இழுவையின் மிட்டாய்க்கூடத்திலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு சர்க்கரைக் கயிறு தானாகக் கிளம்பி, வாசற்படி இறங்கி, தெருவில் இடது பக்கமாகப் போனது. அன்று தக்காளி சற்று விலை ஏறியிருந்தது. மூன்றாம் தெருவில் குழாய் உடைந்திருந்தது. மற்றபடி ஊரில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

இழுவைக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டுதான். ஆனால் சர்க்கரையை இழுத்து இழுத்தே நாற்பத்து நான்கு வயதாகிவிட்டதாலும், எந்தப் பேச்சை எடுத்தாலும் அதையும் அதேபோல் இழுப்பதாலும், அந்தப் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. கிறிஸ்துமஸ் மிட்டாய் அவன் குடும்பத் தொழில். பாகு காய்ச்சி, எண்ணெய் தடவிய சலவைக்கல்லில் ஊற்றி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் சுவரில் அடித்த இரும்புக் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். மடித்து மறுபடி மாட்டி மறுபடி இழுக்க வேண்டும். சரியாக அறுபது இழுப்பு. ஐம்பத்தொன்பதில் நிறுத்தினால் பல்லில் ஒட்டும், அறுபத்தொன்றுக்குப் போனால் பூத்து மணலாகிவிடும். இழுக்கிறவனே எண்ணவும் முடியாது, மூச்சு போதாது. அதனால் அந்தக் கூடத்தில் தம்பி இழுப்பான், அக்கா எண்ணுவாள். அப்படித்தான் இருபது வருடம் ஓடியது.

ஏழு வருடத்துக்கு முன்னால் சண்டை வந்தது. மிட்டாய்க்கு இஞ்சிதான் போட வேண்டும் என்றாள் அக்கா. பெப்பர்மின்ட்தான் என்றான் தம்பி. இஞ்சி போட்டால் அது இருமல் மருந்து என்றான் அவன். பெப்பர்மின்ட் போட்டால் பல்தான் விளக்கலாம் என்றாள் அவள். பேச்சு முற்றிப்போய், “நீ எண்ணலைன்னா சர்க்கரை என்ன அழவா போகுது?” என்று இழுவை கேட்டுவிட்டான். அக்கா கையைக் கழுவினாள், செருப்பை மாட்டினாள், பத்தொன்பது தெரு தள்ளி ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் எண்ணும் வேலையில் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரும் இழுவை அந்தத் தொழிற்சாலை வரை நடந்து போவான், மதிலில் எழுதியிருக்கும் ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்பதை ஏதோ புதுசாகப் படிப்பதுபோல் இரண்டு தடவை படிப்பான், திரும்பி வந்துவிடுவான். அக்கா இல்லாத கூடம் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. அதைச் சொல்ல வாய் வந்தால்தானே!

எண்ணுவதற்கு அவன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தேவாலயத்தின் பாட்டு அறை. பாட்டு வாத்தியார் பிள்ளைகளுக்குக் கைதட்டித் தாளம் சொல்வார், ஒரு பாட்டு முடிய அறுபது தட்டு. தட்டுக்கு ஒரு இழுப்பு. மறுநாள் போதகரின் பிரசங்கம் முடியும்வரை பிள்ளைகளின் வாயை அடைக்க முந்நூறு மிட்டாய்க் குச்சி வேண்டும் என்று கேட்டிருந்தவரும் அதே வாத்தியார்தான். அப்படியிருக்க, அன்று காலை நாற்பத்தொன்றாவது தட்டில் அவருக்கு ஒரு தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் இல்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த தும்மல். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “முதல்லேர்ந்து பாடுங்க” என்றார். இழுவை கையில் சர்க்கரையோடு அப்படியே நின்றான். அடுத்தது நாற்பத்திரண்டா, ஒன்றா? அவனுக்கும் தெரியவில்லை, சர்க்கரைக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த சர்க்கரை, இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கொக்கியிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்தது. மேலே கோடு போட ஓரமாக எடுத்து வைத்திருந்த சிவப்புப் பாகும் எழுந்து, ஓடிப்போய் அதன்மேல் சுற்றிக்கொண்டது.

கயிறு முழங்கால் உயரத்தில், அழுக்குப் படாமல், அவசரமில்லாமல் போனது. வால் கூடத்திலேயே இருந்தது, தலை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எந்த வீட்டைக் கடந்ததோ அந்த வீட்டின் ருசி அதில் ஏறியது. தையற்கடை முன்னால் இஸ்திரி போட்ட துணியின் ருசி, முடிவெட்டும் கடை முன்னால் சோப்பு நுரையின் ருசி. அடுத்தடுத்த வீட்டில் இருந்த மாமியார் மருமகளின் மதில் ஓரத்தில் நக்கியவர்களுக்கு நாக்கு எரிந்தது. பள்ளிக்கூட வாசலில் லீவு விட்ட சாயங்காலத்தின் ருசி வந்ததால் அங்கே பெரியவர்களே வரிசையில் நின்று நக்கினார்கள். பல் வைத்தியர் வெளியே வந்து, கயிறு போகிற நீளத்தைப் பார்த்து, மனம் நிறைந்து உள்ளே போனார். இழுவை கத்தரிக்கோலோடு பின்னாலேயே ஓடினான். “யாரும் நக்காதீங்க! ஆர்டர் சரக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினான். யார் கேட்டார்கள்!

பெட்ரோல் பங்க் தாண்டி கயிறு வலது பக்கம் திரும்பியபோதுதான் அது எங்கே போகிறது என்று அவனுக்கு உறைத்தது. ஐயையோ, மானம் போச்சே என்று தலையில் கை வைத்தான். ஆனாலும் கால் முன்னைவிட வேகமாகத்தான் ஓடியது.

தொழிற்சாலைக் காவலாளி ரொம்பக் கறார். கயிற்றை நிறுத்தி, நோட்டில் பதிந்த பிறகுதான் உள்ளே விட்டார். வந்தவர்: மிட்டாய். பார்க்க வேண்டியவர்: பொத்தான் அக்கா. காரணம்: சொந்தம். கயிறு நன்றி சொல்வதுபோல் ஒருதரம் வளைந்து, மாடிப்படி ஏறி, அக்காவின் மேஜையைத் தேடிப் போய், தலையை வளைத்து அவள் முழங்கையில் மாட்டிக்கொண்டது. அக்கா ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது பொத்தானில் இருந்தாள். டஜன் முடிகிறவரை எண்ணி, டப்பாவை மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வாசலில் தம்பி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தான்.

“எத்தனையில விட்டே?” என்றாள்.

“நாப்பத்தொண்ணு.”

“பாட்டை நம்பியா எண்ணினே?”

“பின்ன? நீதான் இல்லையே.”

“நான் எண்ணலைன்னா சர்க்கரை அழவா போகுதுன்னு கேட்டவன்தானே நீ?”

“சர்க்கரை அழலக்கா,” என்றான் இழுவை. “நான்தான் ஏழு வருஷமா…” அதற்கு மேல் அவனால் இழுக்க முடியவில்லை. தையல் மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. இத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்றுகூட இல்லாமல், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான்.

அக்கா முழங்கையை உதறிப் பார்த்தாள். மிட்டாய் விடவில்லை. “இஞ்சி போடுவியா?”

“பாதி போடறேன்.”

“மீதிப் பாதி பல்லு விளக்கவா?”

“அக்கா!”

“சரி சரி, மூக்கைத் தொடைச்சுட்டு இழு,” என்றாள். தொண்டையைச் செருமினாள். “நாப்பத்திரெண்டு!”

இழுவை இழுத்தான். கயிறு ஒரு தெரு நீளம் சுருங்கி, இருவரையும் ஒரு தெரு வீட்டுப் பக்கம் கொண்டுவந்து விட்டது. அறுபது ஆக இன்னும் பதினெட்டு இழுப்பு, வீட்டுக்கு இன்னும் பதினெட்டுத் தெரு. எண்ணுக்கு ஒரு தெருவாக இருவரும் நடந்தார்கள், அவன் மூச்சு வாங்க இழுக்க, அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி எண்ண. கூடத்து வாசற்படியில் கால் வைத்தபோது “அறுபது!” என்றாள். கயிறு அப்போதுதான் அக்காவின் கையை விட்டது. இஞ்சிச் சாறைத் தடவி, நக்கின இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு முந்நூறு துண்டு போட்டார்கள். நேராக வெட்டிய ஒவ்வொரு குச்சியும் மாட்ட ஒரு முழங்கை தேடுவதுபோலத் தலையைத் தானே வளைத்துக்கொண்டது. நிமிர்த்திப் பார்த்தார்கள், மறுபடி வளைந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பிரசங்கம் ஒரு மணி நாற்பது நிமிடம் நடந்தது. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. பாட்டு வாத்தியார் மட்டும் தன் குச்சியை வாயில் வைத்ததும் தும்மினார். அடியில் பெப்பர்மின்ட், தலையில் இஞ்சி, நடுவில் ஏதாவது ஒரு தெரு என்று அந்த மிட்டாயின் ருசி அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. வளைவில் என்ன ருசி என்பதில் மட்டும் ஊருக்குள் இன்னும் தகராறு. தொழிற்சாலை பொத்தான் எண்ண இரண்டு பேரை வேலைக்கு எடுத்தது. காவலாளியின் நோட்டில் அன்றைய வரிக்கு நேராக, ‘திரும்பிப் போனது: அக்காவோடு’ என்று இருக்கிறது.

இப்போதும் ஒவ்வொரு டிசம்பரும் நாற்பத்தொன்றாவது இழுப்பில் இழுவை கொஞ்சம் நிறுத்துவான். கொக்கியில் தொங்கும் சர்க்கரை மெல்லத் தலை தூக்கி வாசலைப் பார்க்கும். “இங்கதான் இருக்கேன், நாப்பத்திரெண்டு” என்பாள் அக்கா. அது தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும், தம்பி இழுப்பான்.