நகராத சைக்கிளை நிறுத்தியவள்

ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்தினேன் என்று யாராவது மார்தட்டினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ரயிலுக்கு பிரேக் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், அதில் என்ன பெருமை? நான் முப்பது சைக்கிள்களை ஒரே கத்தலில் நிறுத்தியவள். முப்பதும் தலைதெறிக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தவை. ஆனால் ஒன்றுகூட இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற சர்வேயர். சங்கிலி பிடித்து அளக்காத எதையும் நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "லேசாத்தான்" என்பவர்.

"அளக்கிறது என் தொழில்," என்றார். "அதுல நீ எதுக்குக் கை வைக்கிற?"

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில்லாமலே தண்ணீர் கொதித்திருக்கும். இப்போதும் கோபம்தான். ஆறவே இல்லை, ஆறவிடுகிற உத்தேசமும் இல்லை.

நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. படிக்கட்டு குறுகல், கைப்பிடி ஆடும், ஆனால் மேலே வந்துவிட்டால் நான்கு பக்கமும் காற்று. இந்த வீட்டை விட்டுவிட்டு நாங்கள் மகன் வீட்டுப் பின்னறைக்குப் போகவேண்டும் என்று போனிலேயே முடிவாகிவிட்டிருந்தது. தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் முகத்தில் இடிக்கும். மகன் நல்லவன்தான். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

"அம்மாவால படி ஏற முடியலைன்னு அப்பா சொன்னாரும்மா. ஸ்கூல் லீவு விட்டதும் அட்டைப்பெட்டியோட வர்றேன். நீங்க எதையும் தூக்க வேண்டாம்."

என்னால் முடியவில்லையாம்! முட்டி கொஞ்சம் முனகும், உண்மைதான். இரண்டாவது மாடித் திருப்பம் வந்ததும் இவர் பின்னாலிருந்து, "நில்லு, உனக்கு மூச்சு வாங்குது" என்பார். நானும் நிற்பேன். வாங்குகிறதா என்று நான் யோசித்ததே இல்லை. இத்தனை அக்கறையாகச் சொல்கிறாரே, வாங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் என் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "முட்டியில பெரிசா ஒண்ணும் இல்லம்மா. தொடையிலதான் வலு இல்ல. உட்கார்ந்து சைக்கிள் மிதிங்க. இப்பல்லாம் ரூமுக்குள்ளேயே மிதிக்க வகுப்பு இருக்கு" என்றார். அன்றைக்கே கிளம்பிவிட்டேன். லீவு விடுவதற்குள் என் கால்கள் எனக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இல்லையென்றால் பின்னறைதான், சுவர்தான்.

முதலில் போனது பெரிய கண்ணாடி மாளிகை. வாசலிலேயே ஒரு வாசனை, தலைவலி வந்தவர்களுக்கே மறுபடியும் தலைவலி வரும். மேசைக்குப் பின்னால் ஒரு பெண்.

"ஆன்ட்டி, யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?"

"என்னைத்தான்."

அவள் சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு ஜோடி ஷூவை நீட்டினாள். அடியில் இரும்புத்துண்டு. பெடலில் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று கவ்விக்கொள்ளும். ஒரு பையன் என்னைக் கடைசி வரிசை மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய், ஏற்றி, இரண்டு 'டக்' போட்டுவிட்டு மறைந்தான். எனக்கு முன்னால் அந்த சைக்கிளை ஓட்டியவர் தெருவிளக்குக் கம்பத்தின் உடன்பிறப்பாக இருக்கவேண்டும். சீட் அந்த உயரம். நான் அதில் உட்காரவில்லை, என்னைக் காயப்போட்டிருந்தார்கள்.

மேடை விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்தார்கள். என் கை எங்கே என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. பாட்டு ஆரம்பித்தது, என் கட்டுப்பல் தனியாகத் தாளம் போட்டது. மேடையில் பயிற்சியாளன் காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு கூவினான்: "வலிக்கட்டும்! வலிதான் உங்க ஃப்ரெண்டு!"

வலி என் சிநேகிதி என்றால் அவளை வீட்டிலேயே சந்தித்திருப்பேனே, உன்னிடம் எதற்கு வரவேண்டும்?

சற்று நேரத்தில் முட்டி சுரீரென்றது. சரி, போதும் என்று காலை நிறுத்தினேன். ரோட்டில் சைக்கிள் ஓட்டிய யாரும் அதைத்தான் செய்வார்கள்; கால் நின்றாலும் சக்கரம் தன்பாட்டில் உருளும். இந்த சைக்கிள் அந்த ஜாதி இல்லை. முன்னால் இருக்கும் கனத்த சக்கரமும் பெடலும் ஒட்டிப்பிறந்தவை. சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றும், பெடல் சுற்றினால் அதில் பூட்டிய காலும் சுற்றவேண்டும். நான் நிறுத்தினேன், அது நிறுத்தவில்லை. என் இரண்டு முட்டியும் மாறி மாறி என் முகவாயை விசாரித்துவிட்டுப் போயின. ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு சிவப்புத் திருகு இருக்கிறது, அதைக் கீழே அழுத்தினால் சக்கரம் செத்த பாம்பாக நின்றுவிடும். இதை இப்போது உங்களுக்கு நான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

நான் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். ஊரே வந்து என் மேசைமேல் கத்தும். தண்ணீர் வராதவர்கள் கத்துவார்கள், வந்த தண்ணீர் கறுப்பாக வந்தவர்கள் அதைப் பாட்டிலில் கொண்டுவந்து கத்துவார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் ஒருமுறைகூடத் திருப்பிக் கத்தியதில்லை. அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு மூச்சு எடுத்த அந்த இடைவெளியில் அது மொத்தமாக வெளியே வந்தது.

"நிறுத்து!"

கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன லாரி ஓரங்கட்டியது என்றால்கூட நான் ஆச்சரியப்படமாட்டேன். முப்பது சைக்கிளும் நின்றன. பக்கத்து சைக்கிள் பெண் எட்டி என் சிவப்புத் திருகை அழுத்தினாள். எல்லா விளக்கும் எரிந்தன. பயிற்சியாளன் மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"என்னாச்சு ஆன்ட்டி?"

"இதை எப்படி நிறுத்துறதுன்னு எனக்கு யார் சொன்னா?"

"அதெல்லாம் முதல்லயே சொல்லிடுவோமே."

"யார்கிட்ட?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் முன்வரிசையில் ஒரு தொப்பைக்காரர் கையைத் தூக்கினார். "எனக்கும் சொல்லலீங்க. நான் பாட்டு முடியுற வரைக்கும் மிதிச்சுட்டே இருப்பேன்."

"நான் பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்," என்றாள் இன்னொருத்தி.

"நான் உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன், உங்களுக்கே தெரியாதா?" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

"ஓடவைக்கத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தச் சொல்லித்தரத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு, ஷூவைப் பெடலிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கி நடந்தேன். நொண்டித்தான் நடந்தேன். ஆனால் ராணி நொண்டினால் எப்படியோ அப்படி.

வீட்டுக்கு வந்து, கத்தினேன், முப்பதும் நின்றன, விளக்கைப் போட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல மூச்சில்லை. அப்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி துடைப்பு.

"மூலையில உட்கார்ந்த ஒருத்தி கத்தி முப்பது பேர் நின்னாங்களாக்கும்! காதுல பூ சுத்தாத."

சொன்னதோடு விட்டாரா? என் எதிரிலேயே மகனுக்கு போன் போட்டார். "உங்கம்மா சைக்கிள் ஓட்டப்போய் முட்டியை வீங்கவெச்சுட்டு வந்திருக்கா. நீ சீக்கிரம் வந்துடு."

"சொன்னேன்ல," என்றது போன். அந்த 'சொன்னேன்ல' இருக்கிறதே, அதை மட்டும் கையில் பிடிக்க முடிந்திருந்தால் மூன்றாவது மாடியிலிருந்து வீசியிருப்பேன்.

வீக்கம் வடிந்ததும் மறுபடி கிளம்பினேன். இம்முறை கையில் ஒரே ஒரு கேள்வி. போன இடத்திலெல்லாம் வாசலிலேயே கேட்டேன்: "இதை எப்படி நிறுத்துறது?" ஓரிடத்தில் பதிலுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் சுவர் முழுக்கத் திரை. அதில் எல்லார் பெயரும் வேகப்படி வரிசையாக ஓடும், கடைசிப் பெயர் சிவப்பில் மினுக்கும். ஊர் பார்க்க மினுக்கவா வந்தேன்? மூன்றாவது இடத்தில், "நீங்க முதல்ல சேருங்க மேடம், அப்புறம் சொல்றோம்" என்றான் ஒருவன். நான் அவனிடம் சொன்னதை இங்கே எழுதமுடியாது.

கடைசியில் அகப்பட்டது ஒரு தச்சுப்பட்டறைக்கு மேலே. கீழே ரம்பம் அறுக்கும், மேலே மரத்தூள் மணக்கும். பத்துப் பன்னிரண்டு சைக்கிள், ஜன்னல்கள் திறந்து கிடந்தன. பயிற்சியாளர் ஒரு குட்டைமுடிக்காரி. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண்ணாடி பார்த்ததுபோல் இருந்தது, அப்படியொரு சிடுமூஞ்சி.

நான் கேள்வியைக் கேட்க வாயெடுக்குமுன் அவள் கேட்டாள்: "ரோட்டு சைக்கிள் ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன்."

"அதை மறந்துடுங்க. இங்க கால் நின்னா சக்கரம் நிக்காது. மெதுவா மிதிங்க. இப்ப சிவப்பை அழுத்துங்க. மறுபடி. மறுபடி. கண்ணை மூடிட்டு அழுத்துங்க."

கை தானாகப் போகிறவரை அதைத்தான் செய்யவைத்தாள். பிறகு என்னை சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, சீட்டை என் இடுப்பெலும்பு மட்டத்துக்கு இறக்கினாள். ஏறச் சொல்லி, பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். "சாதா ஷூ போதும். எழுந்து நின்னு மிதிக்கக் கூடாது. வலிச்சா நிறுத்திட்டுக் கையைத் தூக்குங்க. வீரம் காட்டாதீங்க."

வீரம் காட்டாமல் நான் எப்படி இருப்பது? இரண்டே நாளில் சண்டை. நான் சுவரையும் மகனின் 'சொன்னேன்ல'வையும் நினைத்துக்கொண்டு மிதித்தேன்; சக்கரம் உறுமியது.

"கோபத்தைப் பெடல்ல காட்டாதீங்க," என்றாள்.

"வேற எங்க காட்டுறதாம்?"

"படியில காட்டுங்க. அதுக்குத்தானே வந்தீங்க?"

வாயை மூடிக்கொண்டேன். கத்தக் கற்றுக்கொண்ட பிறகு அதுதான் முதல் தடவை.

லீவு விட்டது. மகன் வந்தான். மடித்த அட்டைப்பெட்டிக் கட்டு ஒரு கையில், ஒட்டும் டேப் இன்னொரு கையில். நான் வகுப்பு முடிந்து வருகிறேன், இவர் அவனை வரவேற்கக் கீழே இறங்கி நிற்கிறார். மூன்று பேரும் படிக்கட்டு வாசலில்.

"அம்மா, இனிமே வாதாடாதீங்க. அந்த ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சாச்சு."

"வாதாடல. வா, மூணு பேரும் ஏறலாம். நடுவுல நான் எங்கயாவது நின்னா நீ பெட்டியைக் கட்டு, டேப்பை நானே ஒட்டித் தரேன். நிக்கலைன்னா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சரியா?"

"எதுக்கும்மா வம்பு?"

"சரியா?"

"சரி."

அட்டைக்கட்டை அவனிடமிருந்து பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஏறினேன். முதல் மாடி ஒன்றுமே இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் தொடை எரிந்தது, முட்டி வாயைத் திறக்கப் பார்த்தது. வழக்கம்போலப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லு, உனக்கு மூச்சு வாங்குது."

வாங்கவில்லை. முதல்முறையாகக் கவனித்தேன், எனக்கு வாங்கவே இல்லை. நிற்காமல் ஏறினேன். கதவைத் திறந்தேன், அட்டையை உள்ளே எறிந்தேன், திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஆளைக் காணோம்.

கைப்பிடிக்கு மேலாக எட்டிப் பார்த்தால், இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்திருக்கிறார் சர்வேயர். ஒரு கை முட்டிமேல், இன்னொரு கை ஆடும் கைப்பிடிமேல். வாய் மீன்வாய்போலத் திறந்து மூடுகிறது. மகன் பக்கத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறான்.

நான் மறுபடி இறங்கினேன். ஆமாம், இறங்கினேன்.

"யாருக்குங்க மூச்சு வாங்குது?"



"அப்பா, அம்மாவால முடியலைன்னுதானே சொன்னீங்க?" என்றான் மகன்.

"ஏங்க, உங்க முட்டியை என் தலையில கட்டினீங்களா? உங்களால ஏற முடியலைன்னு என் வீட்டைக் காலி பண்ணப் பார்த்தீங்களா?" என் குரல் கீழ்வீட்டுக் கதவைத் திறக்கவைத்தது. திறந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மூடிக்கொண்டார்கள்.

"காடு மேடெல்லாம் நடந்தவன் நான்," என்றார் தரையைப் பார்த்து. "மூணு மாடி ஏற முடியலைன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்கு என்னைச் சொல்லுவீங்களா? நான் நொண்டிட்டு வந்தப்ப உள்ளுக்குள்ள சந்தோஷம், இல்ல? கத்தி நிறுத்தினேன்னு சொன்னா மூலையில உட்கார்ந்தவ…"

அங்கே எனக்குப் பொறிதட்டியது.

"மூலைன்னு நான் சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் முட்டி. நீ போற இடம் எனக்கும் சரிப்படுமான்னு பார்க்கலாம்னு பின்னாலயே வந்தேன். கண்ணாடிக்கு வெளியில நின்னேன். மேடை வெளிச்சத்துல உன் காலை அது சுத்தின சுத்தைப் பார்த்ததும் பயந்துட்டேன். பின்னறையே போதும்னு தோணிடுச்சு."

"நாளைக்குக் காலையில நீங்க என்கூட வர்றீங்க. தச்சுப்பட்டறை மாடிக்கு. அந்தச் சிடுமூஞ்சி உங்களைக் கண்ணை மூடிட்டு அழுத்தவைப்பா. ஒரு பேச்சு பேசக் கூடாது."

மகன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ… அம்மா கத்தினதும் முப்பது சைக்கிளும் நின்னது…"

"முப்பது இல்ல, இருபத்தேழு," என்றார் சர்வேயர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்திருக்கக் கையை நீட்டினார். "ஆனா நின்னுச்சுடா. அத்தனையும் நின்னுச்சு. என் கண்ணால பார்த்தேன்."