உச்சிவெயிலில் நிற்கும் தண்ணீர்

காலையில் தண்ணீர் வந்தது. உச்சிவெயில் ஏறியதும் நின்றது. மறுநாள் விடியற்காலை பார்த்தால், யாரும் கை வைக்காமலே மறுபடியும் வந்துகொண்டிருந்தது. மாசி பிறந்ததிலிருந்து இதே கதைதான்.

கொல்லிமலையில் மூங்கிப்பட்டி சின்ன ஊர். ஜெபவீட்டுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே ஒரு கருப்புத் தொட்டி. மேலே சரிவில் ஒரு சுனை. சுனையிலிருந்து தொட்டி வரைக்கும் கருப்பு ஓஸ் குழாய் ஒன்று காடும் பாறையுமாக இறங்கி வருகிறது. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. சுனை மேலே இருக்கிறது, தொட்டி கீழே இருக்கிறது. அந்த உயர வித்தியாசம் ஒன்றே தண்ணீரைத் தள்ளுகிறது. இவ்வளவு எளிய ஏற்பாட்டில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று தீனதயாளனுக்கு விளங்கவே இல்லை.

தீனதயாளன் அந்த ஊரில் கிறிஸ்தவ ஊழியம் செய்பவர். ஊர் முழுக்க 'பாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ஊழியத்துக்கு வருமுன் நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். இந்த ஓஸைப் போடலாம் என்று முதலில் சொன்னதும் அவர்தான், ஊரோடு சேர்ந்து சுமந்து வந்து போட்டதும் அவர்தான். அதனால் ஓஸ் நெடுகிலும் நடந்து பார்த்தார். ஓட்டை இல்லை. மடிப்பு இல்லை. சுனையில் ஓஸின் வாயில் கட்டியிருந்த வலையைக் கழற்றி உதறினார். ஒரு இலைகூட அடைக்கவில்லை. சுனையில் தண்ணீர் இருந்தது, தொட்டியில் மட்டும் வரவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் ஆள் முளைத்துவிடுவான் அல்லவா? அப்படியே ஆயிற்று.

"கோயில்காரங்கதான் பாஸ்டரே. மத்தியானம் ஆளில்லாத நேரம் பாத்து மேல போய் ஓஸை மடிச்சு வெக்கறாங்க" என்றாள் சௌந்திரம். ஜெபக்கூட்டத்தில் முதலில் வந்து உட்காருபவள் அவள். முதலில் வாய் திறப்பவளும் அவளே.

கோயில் பக்கத்தில் வேறு பேச்சு. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற வால்வு ஜெபவீட்டுச் சுவரோரம் இருக்கிறது. பாஸ்டர் மத்தியானம் அதைத் திருகி வைத்துத் தன் ஆட்களுக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார் என்று.

ஊர்க்கவுண்டர் மருதாசலம் இரண்டு பேச்சையும் கேட்டார். ஒரு நாள் மிளகு காயப்போட்டிருந்த பாயைக் கூட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் தீனதயாளனிடம் சொன்னார்: "சண்டையக் கொண்டார தண்ணி நமக்கு வேண்டாஞ் சாமி. வர்ற வெள்ளிக்கெழம ஊர்க்கூட்டம். அதுக்குள்ள சரியாகலீன்னா ஓஸைச் சுருட்டி உங்ககிட்டயே குடுத்துடறோம். பொம்பளைங்க பழையபடி கொடத்த எடுத்துக்கிட்டு சுனைக்கு ஏறட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தீனதயாளன் தாங்கியிருப்பார். அவர் வருத்தமாகச் சொன்னார். ஓஸ் போனால் தண்ணீர் மட்டும் போகாது. மூங்கிப்பட்டியில் எந்த வாசலில் போய் நின்றாலும் பலகை எடுத்துப் போடுகிறார்களே, அதுவும் போய்விடும்.

அவருடைய நாள் அந்த வாசல்களில்தான் கழிந்தது. விடியுமுன் ஜெபம். பிறகு மனைவி பிரவீனா மருந்துப் பையை எடுத்துக்கொள்வாள். ராசிபுரத்தில் நர்ஸாக இருந்தவள். ஒரு வீட்டில் பிரஷர் பார்ப்பாள், இன்னொரு வீட்டில் அரிவாள் பட்ட காலுக்குக் கட்டு மாற்றுவாள். அதற்குள் இவர் பலாக்கொட்டை உரித்துக் கொடுப்பார், ஆதார் அட்டையில் பெயர் தப்பாக இருக்கிறது என்று வருபவரிடம் எங்கே போய்த் திருத்துவது என்று சொல்வார். கேட்டால் ஜெபம் பண்ணுவார். கேட்காவிட்டால் காபி குடித்துவிட்டு எழுந்து வருவார். ஜெபத்துக்கு வரும் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதில் அவருக்கு மனக்குறை இல்லை.

அந்த வாரப் பிரசங்கத்துக்கு அவர் ஒரு கதையை எடுத்து வைத்திருந்தார். அடுத்தவன் வெட்டிய கிணற்றைப் பொறாமையால் மண் போட்டுத் தூர்த்தவர்களின் பழைய கதை. சௌந்திரத்துக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது.

"இந்த வாரம் நல்லா உறைக்கற மாதிரி சொல்லுங்க பாஸ்டரே. கேக்கறவங்களுக்குக் கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தது. தீனதயாளன் எழுந்து நின்றார். வாசலுக்கு வெளியே முறத்தோடு சுப்பம்மாள் உட்கார்ந்திருந்தார். மருதாசலத்தின் மனைவி. அம்மனைத் தவிர வேறு யாரையும் கும்பிடாதவர். ஆனால் பாட்டு பிடிக்கும் என்று வாராவாரம் வாசலில் வந்து உட்கார்ந்து சாமை புடைப்பார். முந்தின நாள் பிரவீனாவின் குடம் காலியாக இருப்பதைப் பார்த்துத் தன் குடத்திலிருந்து பாதியை ஊற்றிவிட்டுப் போனவரும் அவரே.

கதை தீனதயாளனின் நாக்கு நுனியில் நின்றது. இதைச் சொன்னால் உள்ளே இருக்கும் அத்தனை தலையும் வாசலைத் திரும்பிப் பார்க்கும்.

"நான் ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார். "அதச் சொல்லலீங்க. தண்ணிய நிறுத்தறது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததப் பிரசங்கம் பண்ணுனா அது புறணி. நாளைக்கு மேல போய் உக்காந்து என் கண்ணால பாத்துட்டு வாரேன்."

முறம் நின்றது. வாசலிலிருந்து சுப்பம்மாளின் குரல் வந்தது: "ஏனுங்க, நீங்க மட்டும் போயிப் பாத்தா நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, எங்க ஊட்டுக்காரரு ஒண்ணு சொல்லுவாரு. ரெண்டு பேருஞ் சேந்து போயி உக்காருங்க."

அன்றைய பிரசங்கத்தில் எல்லோருக்கும் நினைவில் நின்றது அதுதான்.

மறுநாள் இருவரும் மேலே ஏறினார்கள். காவலுக்கு நல்ல இடம் யானைமுதுகுப் பாறை. அதன் மேல் நின்றால் சுனையும் தெரியும், கீழே தொட்டியும் தெரியும். பாறைக்கு இந்தப் பக்கம் கோயில்காடு. அம்மனுக்கு விட்ட காடு அது. செருப்போடு யாரும் நுழைவதில்லை, கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ளே போவதில்லை. ஓஸ் போட்டபோது அந்தக் காட்டுக்குள் இறக்கியிருந்தால் நேர்வழி, ஒரே சரிவு. தீனதயாளன்தான் முந்திக்கொண்டு, "வேண்டாங்க கவுண்டரே, சுத்திப் போயிரலாம்" என்றார். அதனால் ஓஸ் காட்டைச் சுற்றி, சுனையைவிடத் தாழ்வான அந்தப் பாறையின் முதுகில் ஏறி, அந்தப்பக்கம் இறங்கிப் போயிற்று. அன்றைக்கு மருதாசலம் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சுப்பம்மாள் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் கட்டிக் கொடுத்திருந்தார். பலாமர நிழலில் இருவரும் தூக்கைத் திறந்தார்கள்.

"ஆளு வந்தா உடனே சத்தம் போட்ராதீங்க சாமி" என்றார் மருதாசலம். "உங்க ஆளா எங்க ஆளான்னு பாத்துட்டு, அப்பறம் யாரு சத்தம் போடறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்."

"உங்க ஆளா இருந்தா?"

"நான் அடிப்பேன். உங்க ஆளா இருந்தா நீங்க ஜெபம் பண்ணுங்க."

ஒரு கீரிப்பிள்ளை ஓஸைத் தாண்டி ஓடியது. வேறு யாரும் வரவில்லை. வெயில் பாறையில் ஏறி, பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. அப்போது கீழேயிருந்து சுப்பம்மாளின் குரல் மலையைப் பிளந்துகொண்டு வந்தது: "தண்ணி நின்னு போச்சுங்கோ!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நானுமில்ல, நீங்களுமில்ல. ஆளே இல்லாம நிக்குது பாருங்க!"

தீனதயாளனுக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. ஆள் இல்லை என்றால் இனி பொருளைப் பார்த்தால் போதும். எழுந்து ஓஸைத் தொட்டுக்கொண்டே நடந்தார். சுனைப் பக்கம் ஓஸ் கனமாக, தண்ணீர் நிறைந்து இருந்தது. பாறையின் உச்சியில், மேடாக வளைந்த இடத்தில், கை வைக்க முடியாமல் சுட்டது. தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. லேசாக ஆட்டினார். உள்ளே 'களக் களக்' என்றது.

அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கமானது. சங்ககிரி தாண்டி ஒரு தரம் டீசல் தீர்ந்து அவருடைய வண்டி நின்றது. கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றினார். டேங்கில் டீசல் இருந்தும் வண்டி எடுக்கவில்லை. காலியான குழாயில் காற்று புகுந்து உட்கார்ந்துகொண்டால் டீசல் அதைத் தாண்டிப் போகாது. பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால், முதலில் நுரை நுரையாகக் காற்று வெளியேறும். நுரை நின்று வெறும் டீசல் வந்த பிறகு திருகை இறுக்கினால் வண்டி கிளம்பும். நாமக்கல்லில் லாரி ஏறிய எவனுக்கும் இது தெரியும். இத்தனை நாள் ஆளைத் தேடியதில் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"காத்து அடைச்சிருக்குங்க கவுண்டரே! இந்த ஜாயிண்டைக் கொஞ்சம் தளத்துங்க."

மருதாசலம் மேட்டில் இருந்த இணைப்பைத் திருகினார். 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. பிறகு நுரை. பிறகு ஒரே பீய்ச்சலாகத் தண்ணீர் அவருடைய சட்டையை நனைத்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இணைப்பை இறுக்கினார். சற்று நேரத்தில் கீழேயிருந்து, "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று பல குரல்கள்.

"ஆச்சா?" என்றார் மருதாசலம்.

"இல்லீங்க. நாளைக்கு மத்தியானம் மறுபடி நிக்கும்."

"ஏனாம்?"

தீனதயாளன் பாறை நிழலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தண்ணீருக்குள்ளே கொஞ்சம் காற்று கரைந்தே இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்தால், கொதிக்குமுன்பே சுவரில் பொட்டுப் பொட்டாக ஒட்டுகிறதே, அதுதான். கருப்பு ஓஸ் வெயிலில் காயும்போது அந்தக் காற்று பிரிந்து வெளியே வருகிறது. காற்று மேலே போகும் சுபாவம் உள்ளது; அதனால் ஓஸின் உயரமான இடத்தில், இந்த மேட்டில் போய்ச் சேர்கிறது. மழைக்காலத்தில் சுனையிலிருந்து தண்ணீர் வேகமாக வருவதால் காற்றை அடித்துக்கொண்டு கீழே போய்விடும். மாசியில் நூலாக வரும் தண்ணீருக்கு அந்தத் தெம்பு இல்லை. ராத்திரி குளிரில் காற்று சுருங்குகிறது, சுனையும் கொஞ்சம் நிறைகிறது. அதனால் தண்ணீர் அதை மீறி வந்துவிடுகிறது.

மருதாசலம் ஓஸின் மேட்டைப் பார்த்தார். பிறகு கோயில்காட்டைப் பார்த்தார். "அப்ப மேடு இல்லாம இருந்தா நிக்காது. அந்த மேடு காட்டைச் சுத்துனதால வந்தது." குரலைத் தாழ்த்தினார். "பூசாரிகிட்ட வேணா ஒரு வார்த்த கேட்டு, காட்டு வழியா…"

"அது வேண்டாங்க" என்றார் தீனதயாளன். "காடு காடாவே இருக்கட்டும், மேடும் இருக்கட்டும். காத்து வெளிய போக மட்டும் ஒரு வழி உடுவோம்."

மறுநாள் செம்மேட்டுக் கடையிலிருந்து மூன்று வாய் உள்ள ஒரு 'டீ' இணைப்பும், நீளமான குழாய் ஒன்றும் வாங்கி வந்தார்கள். மேட்டின் உச்சியில் டீயைப் பொருத்திக் குழாயை நட்டமாக நிறுத்தி, மருதாசலம் அதை ஒரு மூங்கிலோடு சேர்த்துக் கட்டினார். குழாய் குட்டையாக இருந்தால் தண்ணீர் அதன் வழியே வழிந்து வீணாகிவிடும். எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைத் தண்ணீரையே கேட்டார்கள். கீழே பிரவீனா வால்வை மூடினாள். போக வழியில்லாத தண்ணீர் நட்டுவைத்த குழாயில் ஏறியது. சுனையின் மட்டம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்கு மேல் அது ஏறாது. அந்த இடத்துக்கு மேலே கொஞ்சம் விட்டு மீதியை அறுத்தெடுத்தார்கள். பூச்சி விழாமல் வாயில் கொசுவலைத் துணி. பிரவீனா வால்வைத் திறந்துவிட்டாள்.

அன்று உச்சிவெயிலில் ஊர் முழுக்கத் தொட்டியைச் சுற்றி நின்றது. வெயில் ஏறியது, இறங்கியது. தண்ணீர் மெலிந்த கோடாக விழுந்துகொண்டே இருந்தது. மறுநாளும் அப்படியே.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் ஓஸைச் சுருட்டும் பேச்சே எழவில்லை. பாஸ்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எப்படிச் சரியானது என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார் மருதாசலம். தீனதயாளன் ஒரு சொம்பும் பப்பாளித் தண்டும் வைத்து விளக்கினார்.

சௌந்திரம் கடைசியில் எழுந்தாள். "நான் தப்பாப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சுப்பம்மாளைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தீனதயாளன் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கெழம பிரசங்கம் எதுவும் இவ்வளவு தெளிவாப் புரிஞ்சதில்ல பாஸ்டரே."

கூட்டம் சிரித்தது. அதிகம் சிரித்தவர் தீனதயாளன்.

"சரி, எல்லாரும் புரிஞ்சுக்கிட்டீங்களா?" என்றார் மருதாசலம். "நாளைக்கே பக்கத்து ஊர்க்காரன் வந்து கேட்டா என்ன சொல்லுவ, சௌந்திரம்?"

சௌந்திரம் விரலை நீட்டி ஒப்பித்தாள். "ஓஸு எங்க மேடா இருக்குதோ, அந்த மேட்டு உச்சியில ஒரு டீயப் போடணும். அதுல சுனை மட்டத்தவிடக் கொஞ்சம் ஒசரமா, வாய் தொறந்த குழாய நட்டமா நிறுத்தணும். சேர்ற காத்து அது வழியா வெளிய போயிரும். தண்ணி நிக்காம வரும்."