ஐகாரம் தொலைந்த ஜெபம்

1.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை தரிசனத்தில் வந்ததல்ல, வாட்ஸ்அப்பில் வந்தது. அந்தச் செய்தியில் ஓர் ஐகாரம் தொலைந்திருந்தது. பள்ளியில் ஐகாரக் குறுக்கம் படித்திருக்கிறேன். ஐகாரம் அடியோடு காணாமல் போனால் என்ன செய்வதென்று பாடப்புத்தகத்தில் இல்லை.

2.
தாம்பரம் ரயில் நிலையத்தில் அந்தி மயங்கும் வேளை. தேவ ஊழியர் தயாளன் தமது பெட்டியை

(வேண்டாம். அந்தி மயங்கினால் வாசகரும் கூடவே மயங்கிவிடுகிறார்.)

விஷயத்துக்கு வருகிறேன். தயாளன் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்பவர். இந்த முறை தென்காசிப் பக்கம் ஒரு கூட்டம். அவருக்கோ தொண்டை கட்டிக்கொண்டது. இனியும் கத்தினால் குரல் நிரந்தரமாகப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பேச்சைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. ரயில் ஏறுமுன் பீர்க்கன்கரணையில் உள்ள தம் ஜெபக்குழுவுக்குச் செய்தி அனுப்பினார். தட்டச்சுக்குச் சோம்பல்பட்டு, போனிடம் வாயால் சொன்னார். கட்டிய தொண்டையில் பாதி எழுத்து சிக்கிக்கொண்டது. போய்ச் சேர்ந்தது இதுதான்:

"என் தொண்டுக்காக ஜெபியுங்கள்."

3.
குழுத்தலைவி மெட்டில்டாவை முதல் வரைவில் போலி பக்தையாக எழுதினேன். "ஜெபத்தில் தாங்குகிறோம் பிரதர்" என்று பதில் போட்டுவிட்டு வஞ்சிரம் பொரிக்கப் போய்விடுவார்.*

அந்த அம்மாள் ஒத்துழைக்கவில்லை. மீனை ஃப்ரிட்ஜில் வைத்தார். முட்டிவலியோடு முழங்காலில் நின்றார். குழுவையும் உபவாசத்தில் இழுத்துப்போட்டு, "பந்தல் கொள்ளாத ஜனத்தைக் கொண்டுவாரும் தகப்பனே" என்று மன்றாடினார். நான் எழுதியதை அடித்துவிட்டேன்.

* இப்படிப் பதில் போட்டுவிட்டு ஒரு துரும்பையும் தாங்காதவர்கள் உண்டு. உங்களைச் சொல்லவில்லை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை.

4.
ஆண்டவர் கேட்டதைக் கொடுத்தார். கேட்டதை மட்டும்.

கூடப் போயிருந்த கீபோர்டு கலைஞர் காலேப் மேடையிலிருந்து மெட்டில்டாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, ஜனம் பிச்சிக்கினு வருது! ஆனா பிரதர் வாயத் தொறந்தா வெறும் காத்துதான் வருது!"

"ஏன் காலேப், தொண்டைக்கு என்ன?"

"இன்னாக்கா இப்டி கேக்குற? அதுக்குத்தானே ஜெபம் பண்ணச் சொன்னாரு!"

"தொண்டைக்கா? தொண்டுன்னுல்ல வந்துது! ஐயோ தகப்பனே, நாங்க கூட்டத்தைல்ல கேட்டுட்டு இருந்தோம்! மீன்கூட சாப்பிடாம கேட்டோமே!"

காலேப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவர் முன்னால் மைக் இருந்தது. பந்தல் முழுக்க மீன் வரை கேட்டது. ஜனம் சிரித்து அடங்கியதும், தயாளன் போனருகே குனிந்து காற்றாகக் கேட்டார்:

"நான் முக்கிப் பார்க்கட்டுமா, சிஸ்டர்? இவ்வளவு பேர் வந்துட்டாங்களே."

5.
முடிவு அ: குரல் திரும்புகிறது. கிறிஸ்தவப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

முடிவு ஆ: முக்கிப் பேசுகிறார், குரல் ஒரேயடியாகப் போகிறது. இலக்கியப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.

முடிவு இ: நான்

(இங்கே மெட்டில்டா குறுக்கிட்டார்.)

6.
"வாயத் தொறக்காதீங்க பிரதர். உக்காருங்க. ஏம்மா, ஏம்பா, அங்க வந்திருக்கவங்களே! தப்பா கேட்டாலும் உங்களைத்தானே ஆண்டவர் அனுப்பியிருக்கார்? எல்லாரும் இவர் தொண்டைக்காகக் கேளுங்க. தொண்டை. டை! நல்லா அழுத்திச் சொல்லுங்க, மறுபடி குழப்பிடாதீங்க."

பிரசங்கம் கேட்க வந்த கூட்டம் பிரசங்கியாருக்காக ஜெபித்தது. ஊரூராகப் பிறருக்காகக் கையுயர்த்தியவர், மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் கிண்டலாக ஒரு வரி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

ஜெபம் முடிந்தது. மேடையிலிருப்பவர் 'ஆமென்' சொல்லி முடித்துவைப்பது வழக்கம். பந்தல் காத்திருக்கிறது. தயாளன் எழுந்து மைக்கைப் பிடிக்கிறார். அந்த ஒரு சொல்லை நான் எழுதப்போவதில்லை. உங்கள் காதில் விழுந்தால் சரி. விழாவிட்டால், அவருக்குப் பதிலாக நீங்களே சொல்லிவிடுங்கள்.