மூக்கோரத் தழும்பு

பிறிசில்லாவின் இடது கண் சுனாமிக்கு முன்பிருந்தே ஓயாமல் ஒழுகும். சுனாமிக்குப் பிறகு டச்பார் கடற்கரைச் சனம் அதைத் துக்கமென்று நம்பி நிவாரணப் பால்மாவைக் கூட்டிக் கொடுத்தது. அவளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

யுத்தம் முடிகிற வருடம் கண்ணீர்ப்பையில் ஒப்பரேசன் செய்துகொண்டாள். ஒழுகல் நின்று மூக்கோரம் தழும்பு வந்தது. தழும்பு கண்டால் இயக்கத்தில் சண்டை பிடித்தவளா என்று ஆமி கூட்டிப்போய் விசாரித்த காலம் அது. டொக்டர் சொன்னபடி களிம்பு பூசி, விரலால் நீவி, வெயிலுக்குக் குடை பிடித்தாள். மாப்பிள்ளை பார்க்கிறாளாம் என்று ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கதை.

ஒருநாள் டவுனுக்குப் போகையில் வாவிப் பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் பிறிசில்லாவின் முகத்தருகே குனிந்தான்.

"காயம் இருக்கா?"

"இல்ல..." என்றாள் பிறிசில்லா.

"ஏன் புள்ள பொய் சொல்றாய்?" என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு வேரா அன்ரி. "ஒப்பரேசன் தழும்பு இருக்கு தம்பி. நான் வாங்கிக் குடுத்த களிம்பாலதான் மங்கினது. வடிவாப் பாருங்க!"

அவன் பிறிசில்லாவின் நாடியைப் பிடித்து முகத்தை வெயிலுக்குத் திருப்பினான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லயே. போ."

"என்ன தம்பி இல்லையெண்டு சொல்றீங்க? மூக்குக்குப் பக்கத்தில..."

பிறிசில்லா அன்ரியின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். வாவியைத் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை.